பாத்ரூமில் இருபத்தேழு போத்தல்

சத்தம் கேட்டவுடன் மூன்று பேரும் தரையில் படுத்துவிட்டார்கள்.

இரத்தினவேல் சோபாவுக்குப் பக்கத்தில். அவன் மனைவி இராஜேஸ்வரி அகப்பையோடு குசினி வாசலில். தங்கச்சி வனஜா சீலைக்கு அயன் பிடித்துக்கொண்டு நின்றவள், அயனைக் கையில் தூக்கிப் பிடித்தபடியே மேசைக்குக் கீழே போய்விட்டாள். யாழ்ப்பாணத்தில் குண்டும் செல்லும் விழுந்த காலத்தில் பழகியது. சத்தம் கேட்டால் முதலில் படுக்கவேண்டும், எங்கே விழுந்தது என்ற விசாரணை எல்லாம் பிறகு. கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்து நாலு வருடம் ஆகியும், பதினோராம் மாடியில் குடியிருந்தும், மூன்று பேருடைய உடம்பும் அதை மறக்கவில்லை.

"ஆரப்பா அடிக்கிறாங்கள்?" இராஜேஸ்வரி தரையோடு தரையாகக் கேட்டாள்.

"இஞ்சை ஆர் அடிக்கப் போறாங்கள்? பொறு, பாப்பம்."

பார்க்கத் தேவையே இருக்கவில்லை. கோட்டுகள் மாட்டிவைக்கிற அலுமாரிக் கதவின் அடியால் மஞ்சள் நிறத்தில் ஏதோ நுரைத்துக்கொண்டு வந்தது. பின்னாலேயே மணமும் வந்தது.

"உங்கட பியர்!" என்றாள் இராஜேஸ்வரி.

இரத்தினவேல் கதவைத் திறந்தான். முப்பத்தாறு போத்தலில் ஒன்று இல்லை. அதன் கழுத்து மட்டும் அவனுடைய சப்பாத்துக்குள் கிடந்தது. மிச்சம் முப்பத்தைந்தும் ஒன்றும் தெரியாத பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றன.

வேறு எந்த நாள் என்றாலும் பரவாயில்லை. தொண்ணூற்றைந்தாம் ஆண்டு மாசி மாதத்தின் அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு வனஜாவைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். அவளுக்கு முப்பத்தொரு வயது. இதற்கு முதல் மூன்று சம்பந்தம் கைநழுவிப் போய்விட்டது. இந்த ராகுலனோடு இரண்டு முறை ரெலிபோனில் கதைத்திருக்கிறாள். இரண்டாம் முறை கதைத்துவிட்டுக் குசினியில் தனியாகச் சிரித்துக்கொண்டு நின்றதை இரத்தினவேல் தன் கண்ணால் கண்டான். மாப்பிள்ளையின் தகப்பன் சண்முகநாதன் மாஸ்டரோ, குடிக்கிறவனோடு ஒரே பஸ்ஸில் போகவும் சம்மதிக்காதவர் என்று கேள்வி.

"அண்ணை," என்றாள் வனஜா, அயனை அணைத்துவிட்டு. "இண்டைக்கு மட்டும் புதுசாய் ஒண்டும் செய்யாதேங்கோ. கும்பிட்டுக் கேக்கிறன்."

"நான் ஒண்டும் செய்யேல்லை. பேனாட் அண்ணையைக் கேட்டுத்தான் செய்வன்," என்று சொல்லிக்கொண்டே அவன் ரெலிபோனை எடுத்தான்.

பேனாட் அண்ணையைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் கனடாவுக்கு வந்தது எண்பத்து நாலில். அந்த ஒரே தகுதியில் ஸ்காபரோத் தமிழருக்கு அவர் வக்கீல், வைத்தியர், பொறியியலாளர் எல்லாம். கார் லைசென்ஸ் எங்கே எடுத்தால் சுகம், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எந்த மருந்து, எந்தக் கடையில் ஆட்டிறைச்சி உண்மையிலேயே ஆடு, எல்லாவற்றுக்கும் அவரிடம் மறுமொழி இருந்தது. தெரியாது என்று அவர் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை.

"வீட்டிலையே பியர் செய்யலாம் தம்பி, சிம்பிள்" என்று சொன்னதும் அவர்தான். கடையில் வாங்கிய பியர் செய்யும் சாமான்பெட்டிக்குள் வழிமுறை எழுதிய தாள் இருந்தது, இங்கிலிஷிலும் பிரெஞ்சிலும். அதை வாசித்து மண்டையை உடைக்கிறதைவிட அண்ணையைக் கேட்கிறது சுகம் என்று இரத்தினவேல் தாளை மடித்து வைத்துவிட்டான்.

வாளிக்குள் எத்தனை நாள் விடவேண்டும் என்று கேட்டான். "நாலு நாள் காணும். நுரை அடங்கினால் சரி." என்ன போத்தல்? "போத்தல் எண்டால் போத்தல்தானே ஐசே." போத்தலில் அடைக்கும்போது சீனி எவ்வளவு? "ரீக்குப் போடுற மாதிரிப் போடும்." இரத்தினவேல் தேத்தண்ணிக்கு மூன்று கரண்டி குவித்துப் போடுகிறவன். அப்படியே போட்டு அடைத்து ஐந்து நாள்.

"ஹலோ, பேனாட் அண்ணை? ஒண்டு வெடிச்சிட்டுது."

"பொறும், பொறும். பேனையை எடுக்கிறன்." அந்தப் பக்கம் கதிரை இழுபட்டது. "எத்தினை மணிக்கு வெடிச்சது?"

"ஒன்பது இருபது."

"கழுத்தோ அடியோ?"

"கழுத்து பறந்து சப்பாத்துக்குள்ளை கிடக்கு."

"ம்ம். சத்தம் பெரிசோ?"

"நாங்கள் மூண்டு பேரும் படுத்திட்டம் அண்ணை."

"நல்லது. வடிவாய் விளங்குது." அவர் குரலில் ஒரு டொக்டருடைய நிதானம் இருந்தது. "சூடு கூடிப்போச்சு. எல்லாத்தையும் பல்கனியிலை வையும். குளிர் பட்டால் அடங்கும். என்ன நடக்குதெண்டு எனக்குச் சொல்லும், என்ன?"

வெளியே பூச்சியத்துக்குக் கீழே பதினெட்டு. இரத்தினவேல் ஒவ்வொரு போத்தலையும் பச்சைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டுபோய்ப் பனிக்குள் குத்தி வைத்தான். இராஜேஸ்வரி பின்னால் நின்று அலுமாரிக்குள் கிடந்த கோட்டுகளை ஒவ்வொன்றாக மணந்து மணந்து பார்த்தாள்.

"எல்லாம் கள்ளுத் தவறணை மாதிரி மணக்குது. மாப்பிள்ளை வீட்டுக்காரரின்ர கோட்டுகளை எங்கை மாட்டுறது?"

"கட்டிலிலை போடுவம்."

பதினொன்றரைக்கு அவன் பல்கனியை எட்டிப் பார்த்தபோது ஐந்து போத்தல் நெடுக வெடித்துக் கிடந்தது. உள்ளே பியர் கட்டியாகி, கண்ணாடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்திருந்தது. மிச்சத்தின் மூடிகளும் பொம்மிக்கொண்டு நின்றன.

"அண்ணை, உறையுது!"

"உறையுதோ?" பேனாட் அண்ணை உண்மையாகவே ஆச்சரியப்பட்ட மாதிரி இருந்தது. உடனே இருமிக்கொண்டார். "ஓமோம், உறையும். எத்தினை மணித்தியாலத்திலை?"

"ரெண்டு."

"ரெண்டு… ம்ம். சரி, உள்ளுக்கு எடும். பாத் டப்புக்குள்ளை சுடுதண்ணி விட்டு அதுக்குள்ளை வையும். மெல்ல மெல்ல இளகும்."

"சுடுதண்ணியோ? முதல் சூடு கூடாதெண்டு சொன்னனீங்கள்."

"அது காத்துச் சூடு. இது தண்ணிச் சூடு. வித்தியாசம் இருக்கு தம்பி."

முப்பது போத்தல் பாத் டப்புக்குள் போனது. தண்ணீர் இளஞ்சூடு. கால் மணித்தியாலம் ஒன்றும் நடக்கவில்லை. இரத்தினவேல் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தான். போத்தலுக்குள்ளே சின்னச் சின்னக் குமிழ்கள் கிளம்பின. பிறகு பெரிய குமிழ்கள். மூலையில் நின்ற ஒரு போத்தல் தானாகவே மெல்ல நடுங்கத் தொடங்கியது.

அவன் வெளியே பாய்ந்து கதவைச் சாத்தவும் அது வெடிக்கவும் சரியாக இருந்தது. இராஜேஸ்வரி வடைமாவோடு படுத்தாள். வனஜா தலையில் வைத்த பூவோடு படுத்தாள்.

"கடவுளே, எல்லாத்தையும் கொண்டுபோய் குப்பைக்குள்ளை எறியுங்கோப்பா!"

அதுதான் சரி என்று அவனுக்கும் பட்டது. என்றாலும் அண்ணையைக் கேட்காமல் எப்படி?

"எறியாதையும்!" என்று பேனாட் அண்ணை பதறினார். "குலுக்கினால் கையிலையே வெடிக்கும். மூடியை இத்தினூண்டு திறந்து காத்தை மட்டும் விடும். பேந்து இறுக்கும். ஒவ்வொண்டாய்."

"கண்ணிலை பட்டால்?"

"கண்ணிலை படாமல் செய்யும்."

அன்றைக்கு இரத்தினவேலைப் பார்த்திருக்கவேண்டும். பனிக்கோட்டு, தொப்பி, கம்பளிக் கையுறை, கண்ணுக்கு வனஜா வெங்காயம் உரிக்கப் போடுகிற கண்ணாடி, இடது கையில் கேடயமாகப் பிரெஷர் குக்கர் மூடி. இப்படி யுத்தத்துக்குப் போகிற கோலத்தில் சொந்த பாத்ரூமுக்குள் போனான். முதல் போத்தலின் மூடியை அரைச் சுற்றுத்தான் திருப்பினான். மூடி கையில் நிற்கவில்லை. பியர் எழும்பிக் கூரையில் அடித்து, கூரை முழுவதும் பரவி, அவன் மேலேயே திரும்பி வந்தது. பிழை எங்கே என்று அறிய இரண்டாவதையும் திறந்தான். அதுவும் அதையேதான் செய்தது. மூன்றாவதைத் தொட அவனுக்குக் கை வரவில்லை.

மிச்சம் இருபத்தேழு.

வீடு முழுக்க பியர் மணம். வடை மணம், பருப்பு மணம், கோப்பி மணம் எல்லாவற்றையும் அது அமுக்கிவிட்டது. இராஜேஸ்வரி சாம்பிராணித் தட்டை எடுத்துக் கை நிறைய அள்ளிப் போட்டாள். புகை எழும்பியது. சாமிப்படம் மறைந்தது, ரி.வி மறைந்தது, கடைசியில் நெருப்பு அலாரம் 'கீ' என்று கத்தத் தொடங்கியது. இரத்தினவேல் கதிரையில் ஏறித் தொப்பியால் விசிறினான். முடியவில்லை. அலாரத்தைப் பிடுங்கி அதன் பற்றரியைக் கழற்றிப் பொக்கற்றுக்குள் போட்டான்.

"நேரம் என்ன?"

"நாலாக ஒரு நிமிசம்."

"பயப்பிடாதை. எங்கட ஆக்கள் நாலு மணி எண்டால் ஆறுக்குத்தான் வருவினம். ரெண்டு மணித்தியாலம் கிடக்கு."

கதவில் மணி அடித்தது.

சண்முகநாதன் மாஸ்டர் முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூட மணிக்கு நடந்தவர். நாலு மணி என்றால் நாலு மணிதான் அவருக்கு. யூனியன்வில்லில் இருந்து வெளிக்கிட்டு, காரில் ஐந்து நிமிடம் பொறுத்திருந்து, சரியான நேரத்துக்கு மாடிக்கு வந்திருந்தார். கூடவே அவருடைய மனைவி, மகன் ராகுலன். இந்தச் சம்பந்தத்தை ஒழுங்குசெய்த அன்ரனெற் அக்காவும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போட்ட கோட்டோடு நின்றாள். அவள் மாஸ்டரின் மனைவியோடு ஒரே பக்டரியில் வேலை. அதோடு பேனாட் அண்ணையின் மனைவியும் அவள்தான்.

இரத்தினவேல் பாத் டப்பின் மேல் கட்டில் போர்வை இரண்டை விரித்துவிட்டு, கதவைச் சாத்தி, சிரித்தபடி வந்தான். தலைமயிர் நனைந்து ஒட்டியிருந்தது.

"இப்பதான் குளிச்சனான்," என்றான் யாரும் கேட்காமலே.

"நல்ல வாசம்," என்றார் மாஸ்டர், சாம்பிராணிப் புகைக்குள் சோபாவைத் தேடிக்கொண்டு. "பக்தியான வீடு."

இராஜேஸ்வரிக்கு உயிர் திரும்பி வந்தது. வனஜா கோப்பி கொண்டுவந்தாள். ராகுலன் அவளைப் பார்த்தான், கோப்பியைப் பார்த்தான், மறுபடியும் அவளைப் பார்த்தான். மாஸ்டரின் மனைவி வடை நல்லாயிருக்கு என்றாள். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து மாஸ்டர் கோப்பியை முடித்துவிட்டுக் கால்மாறிக் கால் போட்டார்.

"தம்பி, பாத்ரூம் எந்தப் பக்கம்?"

"அது… பழுது மாஸ்டர்."

"கை கழுவினால் காணும்."

"கை கழுவுறதும் பழுது."

"இப்பதானே குளிச்சனீர் எண்டு சொன்னனீர்?"

இரத்தினவேல் நனைந்த தலையைத் தடவினான். "குளிச்ச உடனைதான் பழுதாய்ப் போச்சு."

மாஸ்டர் முழங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டார். ரெலிபோன் அடித்தது. இராஜேஸ்வரி எடுப்பதற்கு முன்னம் இரத்தினவேல் பாய்ந்து எடுத்தான்.

"என்ன தம்பி நிலைமை?" பேனாட் அண்ணை.

"ஆக்கள் வந்திட்டினம் அண்ணை," என்றான் மெல்லிய குரலில்.

"அது கிடக்கட்டும். காத்து விட்டனீரோ? எவ்வளவு உயரத்துக்கு அடிச்சது?"

"கூரை மட்டும்."

"கூரை மட்டும்!" பேனை கிறுக்கும் சத்தம் கேட்டது. "இப்ப எத்தினை மிச்சம்?"

"இருபத்தேழு பேர்," என்றான் இரத்தினவேல், மாஸ்டர் தன்னையே பார்ப்பதைக் கண்டு. "எல்லாரும் குளிக்கினம்." டக்கென்று வைத்துவிட்டான்.

"ஆர் இருபத்தேழு பேர்?" மாஸ்டர் கேட்டார்.

"ஊரிலை சொந்தக்காரர். கேணியடியிலை."

அதற்குமேல் மாஸ்டரால் பொறுக்க முடியவில்லை. எழுந்தார். "பழுதெண்டாலும் பரவாயில்லை தம்பி. நான் ஊர்க் கக்கூசிலை இருந்து வளந்தவன்." இரத்தினவேல் குறுக்கே போய் நின்றான். மாஸ்டர் இடப்பக்கம் போனார், அவனும் இடப்பக்கம். மாஸ்டர் வலப்பக்கம், அவனும் வலப்பக்கம். மாஸ்டரின் கை கதவுப் பிடியில் பட்டது.

முதலில் ஒன்று வெடித்தது. அது பக்கத்தில் நின்றதை வெடிக்க வைத்தது. பிறகு எண்ண முடியவில்லை.

எல்லாரும் படுத்துவிட்டார்கள். இரத்தினவேல் வீட்டார் மட்டுமல்ல, எல்லாரும். மாஸ்டர் பாத்ரூம் வாசலில் குப்புற. அவர் மனைவி சோபாவுக்குப் பின்னால், வடைத் தட்டைத் தலைக்கு மேல் பிடித்தபடி. அன்ரனெற் அக்கா சிலுவை போட்டுக்கொண்டு கதவோரம். பெண் பார்க்க வந்தவர்களும் பார்க்கப்பட்டவர்களும் ஒரே கார்ப்பெற்றில் ஒரே உயரத்தில் கிடந்தார்கள். மேசைக்குக் கீழே வனஜா போனபோது அங்கே ஏற்கனவே ராகுலன் இருந்தான்.

"நீங்கள் எந்த இடம்?" அவன் கிசுகிசுத்தான்.

"கொக்குவில்."

"நான் சாவகச்சேரி. பயப்பிடாதேங்கோ, இது செல் இல்லை. செல்லுக்கு முதல் கூவிற சத்தம் கேக்கும்."

"தெரியும். இது பியர்," என்றாள் வனஜா. அவளுக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. எது முதலில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. ராகுலன் அவளுடைய கையைப் பிடித்தான். அடுத்த போத்தல் வெடித்தது. அவன் விடவில்லை.

சத்தம் ஒருவாறு ஓய்ந்தது. கதவின் அடியால் நுரை வந்து மாஸ்டரின் மூக்கைத் தொட்டது. அவர் ஒரு விரலால் தொட்டு மணந்தார். எழும்பி நின்றார். சேட்டின் முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது.

"பியர்," என்றார்.

"மாஸ்டர், நான் சொல்லுறன்…"

"சொல்லும். வாளிக்குள்ளை எத்தினை நாள் விட்டனீர்?"

"நாலு நாள்."

"நான் இரசாயனம் படிப்பிச்சவன் ஐசே! நொதிச்சு முடிய முதல் அடைச்சால் அந்த வாயு எங்கை போகும்? அதுக்குமேலை சீனியும் போட்டனீரோ?"

"ரீக்குப் போடுற மாதிரி. மூண்டு கரண்டி."

"வாளி முழுக்கவோ?"

"இல்லை. ஒரு போத்தலுக்கு."

மாஸ்டர் கண்ணை மூடித் திறந்தார். "நொதிச்சு முடிஞ்ச பியருக்கே ஒரு சின்னக் கரண்டி மட்டுமட்டாய்ப் போட்டால் காணும். என்ன போத்தல்?"

"அப்பிள் ஜூஸ் போத்தல்."

"அமுக்கம் தாங்காத போத்தல்! அதைச் சுடுதண்ணிக்குள்ளை ஆர் வைச்சது?"

"நான்தான். அதுக்கு முதல் பல்கனியிலை உறைய வைச்சனான்."

"ஒருத்தரும் அந்தக் கதவைத் திறக்கப்படாது!" என்று மாஸ்டர் வகுப்பறைக் குரலில் கத்தினார். "கண்ணாடித் துண்டு கண்ணிலை பட்டால் கண் போச்சு. நாளைவரைக்கும் அப்பிடியே கிடக்கட்டும்." கத்திவிட்டுக் கால்மாறிக் கால்மாறி நின்றார். அவருக்கு இன்னும் பாத்ரூம் கிடைக்கவில்லை.

"மாஸ்டர், பக்கத்து வீட்டிலை கேக்கட்டே?" என்றாள் இராஜேஸ்வரி.

"பிறகு. முதல் இது முடியட்டும்." அவர் இரத்தினவேலின் முகத்துக்கு நேரே வந்தார். "நேரடியாய்க் கேக்கிறன். குடியாலை என்ர அண்ணையின்ர குடும்பம் அழிஞ்சதை நான் கண்ணாலை பாத்தவன். அனுபவப்பட்டு, வருஷக்கணக்காய் உந்தப் பியரைச் செய்து குடிக்கிற வீடெண்டால் நாங்கள் இப்பவே இறங்கிறம். ஒண்டும் தெரியாமல் விசர்வேலை பாத்த ஆள் எண்டால் பரவாயில்லை. எங்கட வீட்டிலையும் அப்பிடி ரெண்டு பேர் இருக்கினம். நீர் எது?"

"நான் விசர்வேலை மாஸ்டர்! சத்தியமாய் இதுதான் முதல்தரம்."

"முதல்தரம் செய்யிறவன் முப்பத்தாறு போத்தலோ அடைப்பான்? அதுவும் ஒரு பிழையும் விடாமல் எல்லாத்தையும் பிழையாய்ச் செய்திருக்கிறீர். உவ்வளவு பிழையும் ஒரு ஆள் தனிய யோசிச்சுச் செய்யேலாது. உமக்குப் பின்னாலை ஒரு குடிகாரக் கூட்டம் இருக்கு." மாஸ்டர் மனைவியைப் பார்த்தார். "கோட்டை எடும். வெளிக்கிடுவம்."

"அப்பா, பொறுங்கோ," என்றான் ராகுலன்.

"நீ சும்மா இரு."

வனஜா மேசைக்குக் கீழிருந்து எழும்பி நின்றாள். நெற்றியில் கார்ப்பெற்றின் பஞ்சு ஒட்டியிருந்தது. அயன் பிடித்த சீலை முழங்காலுக்குக் கீழே நனைந்து போயிருந்தது. அவள் அண்ணனைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால் இரத்தினவேல் தாங்கியிருப்பான். அதில் கோபமே இல்லை.

"தனிய இல்லை மாஸ்டர்!" என்று கத்தினான். "எல்லாம் பேனாட் அண்ணை சொல்லச் சொல்லத்தான் செய்தனான். நாலு நாள் எண்டதும் அவர். போத்தல் எண்டதும் அவர். பல்கனி, சுடுதண்ணி எல்லாம் அவர். அவர் உதிலை பழந்தின்று கொட்டை போட்ட ஆள். என்ரை அறிவு ஒரு துளியும் இதிலை இல்லை." அவன் அன்ரனெற் அக்காவின் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டான். "அக்கா, ஒரு வார்த்தை சொல்லுங்கோ. இதிலை அனுபவம் உள்ளது உங்கட மனுசனுக்கு, எனக்கு இல்லை எண்டு சொல்லுங்கோ. என்ரை தங்கச்சியின்ர வாழ்க்கை அக்கா."

எல்லாரும் அன்ரனெற் அக்காவைப் பார்த்தார்கள். ரெலிபோன் மறுபடியும் அடிக்கத் தொடங்கியது. ஒருவரும் எடுக்கவில்லை. அவள் கோயில் கோட்டில் இருந்த நுரையைத் துடைத்தாள். ரெலிபோனை ஒருமுறை பார்த்தாள். பிறகு பெருமூச்சு விட்டாள்.

"மாஸ்டர், உந்தப் பெடியன் சொல்லுறது முழுக்க உண்மை, அவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது, ஆனால் தம்பி, எங்கட மனுசன் இண்டைவரைக்கும் ஒரு போத்தல் பியர் செய்ததில்லை, இதே மாதிரிப் பெட்டியை வாங்கி நாலு மாசமாய்ப் பிரிக்காமல் கட்டிலுக்குக் கீழை வைச்சுக்கொண்டு, 'இரத்தினவேல் உயிரோடை தப்பினால் நாங்களும் செய்வம்' எண்டு காத்துக்கொண்டிருக்கிறார்."